தகட்டில் நின்றவள்

அவளை உட்காரச் சொன்னவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள். சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடி, தட்டைக் கையில் ஏந்தித்தான் முடிப்பாள். ஞாயிறு பூசையில் எல்லாரும் அமர்கிற நேரத்தில், கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருப்பாள். அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு ஜனங்களிடையே அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பம்பரத்தின் வேலை கோயிலுக்கு அப்பம் சுடுவது. குரு கையில் ஏந்தி மந்திரித்ததும் கிறிஸ்துவின் உடலாகிவிடும் என்று நம்பப்படுகிற அந்த மெல்லிய வெள்ளை வட்டங்களை அவள்தான் சுட்டாள். உடலாகும் வரைக்கும் அவற்றின் மேல் அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. மாவைக் கரைக்கலாம், சுடலாம், வெட்டலாம், உடைந்ததைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம். பீடத்தில் நின்று அதைத் தூக்கிக் காட்டுவதற்கு மட்டும் அவளுடைய உடம்பு லாயக்கில்லை. அதற்கு ஆணாகப் பிறந்திருக்க வேண்டும்.

அவள் வளர்ந்த கதை சுருக்கமானது. அம்மா இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். அப்பா குடித்துவிட்டு வந்தால் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுகிற ஆள். ஒரு மத்தியானம் மகளைக் கன்னியர் மடத்து விடுதி வாசலில் நிறுத்தி, "இங்கயே நில்லு, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. நில்லு என்று சொன்னதால்தான் இன்னும் உட்காரவில்லையோ என்னவோ.

மடத்தில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, மேலே ஒரு அப்பா இருக்கிறார், எந்நேரமும் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது. ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு அதைக் கேட்டதும் இடுப்பு பெல்ட்தான் ஞாபகம் வந்தது. சில நாள் யோசித்துவிட்டு, ஞானப்பாட வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், அங்க அம்மா கிடையாதா?"

"மாதா இருக்காங்களே."

"அவங்க சாமியா?"

"சாமி இல்லம்மா. சாமியோட அம்மா. நமக்கும் அம்மாதான்."

"அப்பா சாமி, பிள்ளை சாமி, அம்மா மட்டும் சாமி இல்லையா? அது என்ன சிஸ்டர் குடும்பம்?"

வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. மணி அடிக்கும்வரை அவளை வாசலில் முழங்காலில் நிறுத்திவைத்தார்.

அந்தக் கேள்விக்கு அவளைவிட வயது மிகமிக அதிகம். நான்காம் நூற்றாண்டில் பாலைநிலத்துப் பக்கம் சில பெண்கள் தங்களுக்குள் கூடி, மரியாளின் பெயரால் அப்பம் படைத்துப் பகிர்ந்து உண்டார்கள் என்று ஓர் ஆயர், அதாவது பிஷப், எழுதி வைத்திருக்கிறார். மெச்சி எழுதவில்லை, மதத்துக்கு விரோதிகள் வரிசையில் சேர்த்து எழுதினார். பெண் புத்திக்கு இதெல்லாம் சகஜம் என்ற தொனியில் எழுதினார். அந்தப் பெண்கள் தங்கள் தரப்பில் சொன்னது ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. அப்படி ஒரு கூட்டம் இருந்ததா என்றே சில ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். திட்டியவரின் கையெழுத்து பத்திரமாக இருக்கிறது. திட்டு வாங்கியவர்கள் இருந்தார்களா என்பதுதான் ஆராய்ச்சி.

வளர்ந்ததும் அவள் கன்னியராகச் சேர ஆசைப்பட்டாள். மடத்துத் தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அஞ்சு நிமிஷம் அசையாம முட்டி போட உன்னால முடியுமா?" முடியாது என்று இருவருக்கும் தெரியும். அப்பம் சுடுகிற அறைக்கு அனுப்பினார்கள். அது நின்று செய்கிற வேலை. அவளுக்கு அது பிடித்துப்போனது.

வேலை இப்படி. நைசாகச் சலித்த கோதுமை மாவும் தண்ணீரும், வேறெதுவும் கிடையாது, உப்புகூட. நீளக் கைப்பிடி வைத்த கனமான இரண்டு இரும்புத் தகடுகள், புத்தகம் போலத் திறந்து மூடும். கீழ்த்தகட்டில் சிலுவை குழியாகச் செதுக்கியிருக்கும், அப்பத்தில் அது புடைத்துக்கொண்டு தெரியும். அடுப்பில் காய்ந்த தகட்டில் தேன்மெழுகைத் தடவி, ஒரு கரண்டி மாவை ஊற்றி, மூடி அழுத்தினால் ஓரமெல்லாம் ஆவி சீறும். சீறல் அடங்கியதும் திறந்தால் காகிதம் போல ஒரு தகடு அப்பம். அதை ஈரத்துணிக்கு அடியில் பதப்படுத்தினால்தான் வெட்டும்போது நொறுங்காது. நடுவில் உள்ள பெரிய வட்டம் குருவுக்கு, சுற்றியுள்ள சின்ன வட்டங்கள் ஜனங்களுக்கு.

மடத்தில் உடைந்த கேட்டைச் சரிசெய்ய வந்த லேத் பட்டறைக்காரர், அந்த அறையில் இவள் அடுப்புக்கும் மேசைக்குமாகச் சுழல்வதைப் பார்த்துவிட்டு, கேட்டைத் தேவைக்கு மேல் நாலு தடவை சரிசெய்தார். கல்யாணமானது. பட்டறைக்குப் பின்னால் வீடு. மடத்தில் கன்னியர்கள் குறைந்து, அப்பம் சுடுகிற அறை மூடப்பட்டபோது, அந்த இரும்பை இவள் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். பங்குக் கோயில் அவளையே தொடர்ந்து சுடச் சொன்னது. வீட்டுக்காரருக்குக் கோயில் பக்கம் அவ்வளவாக நாட்டம் இல்லை. "நீ சாமிக்கே சோறு போடுற ஆளு. எனக்குச் சேத்து நீயே ஒரு வார்த்தை சொல்லிடு" என்பார்.

ஒருநாள் காய்ந்த தகட்டின் மேல் தவறிப்போய்த் தண்ணீர் பட்டது. சடாரென்று கீழ்த்தகடு குறுக்கே வெடித்தது. இரும்பு உடைந்த சத்தத்தைவிட அவள் போட்ட சத்தம் பெரியது.

வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடைகளில் தேடினார். ஒரு கடையில், எங்கோ இடித்த மடம் ஒன்றிலிருந்து வந்த குவியலுக்குள் அதே அளவில் ஒரு தகடு கிடைத்தது. முகமெல்லாம் பழைய மெழுகும் கரியும் கெட்டிப்பட்டுக் கல்லாகியிருந்தது. கரிக்கு அடியில் நிமிர்ந்த ஒரு கோடும், அதற்குக் குறுக்கே ஒரு கோடும் மங்கலாகத் தெரிந்தன.

"சிலுவைதான். சுடச்சுடத் தெளிஞ்சுடும்" என்று சொல்லிக் கீல் மாட்டிக் கொடுத்தார்.

முதல் சில வாரங்கள் அப்பத்தில் மொழுக்கென்று ஒரு சிலுவை விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பம்பரம் ஒவ்வொரு முறையும் கம்பித் தூரிகையால் தகட்டைத் தேய்த்தாள். சூட்டில் கரி கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து வந்தது. குறுக்குக் கோட்டின் இரண்டு நுனிகளிலும் விரல்கள் முளைத்தன. நெடுக்குக் கோடு கீழே விரிந்து, மடிப்பு மடிப்பாக ஒரு அங்கியானது. மேலே முகம். முகத்தைச் சுற்றி, தோள்வரைக்கும், அவிழ்ந்த கூந்தல். நெஞ்சில் ஒரு புறா. கையில் குழந்தை இல்லை. முதுகுக்குப் பின்னால் சிலுவையும் இல்லை. இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

பம்பரம் அந்த அப்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து மறுபடி தூக்கிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. அந்த நாட்களில் அவள் வீட்டுக்குள் நடந்த நடைக்குத் தரை தேய்ந்திருக்க வேண்டும்.

"என்ன, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. யாரோ வந்துட்டிருக்காப்ல இருக்கு."

"யாரு?"

"தெரிஞ்சா உக்காந்துட மாட்டேனா?"

அடுத்த ஞாயிறு, குரு பெரிய அப்பத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்தினார். பக்கவாட்டு ஜன்னல் வெயில் நேராக அதில் விழுந்தது. முன்வரிசையில் முழங்காலில் இருந்த தையல்காரம்மா, "அம்மா!" என்று கோயில் அதிரக் கத்தினாள்.

தையல்காரம்மா சும்மா கத்துகிறவள் இல்லை. அவளுடைய ஒரே மகள், புருஷன் வீட்டிலிருந்து கை முறிந்து திரும்பி வந்திருந்தாள். கை கூடிவிட்டது, பேச்சு வரவில்லை. மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன் ஒருமுறை, பொறுத்துப்போகச் சொல்லி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியவர்களில், கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற பங்குப் பேரவையின் தலைவரும் ஒருவர். பரலோகத்து அப்பாவிடம் தையல்காரம்மா முறையிட்டுப் பார்த்தாள். அவரும் தலைவர் கட்சியாகத்தான் தெரிந்தார். இப்போது வெள்ளை வட்டத்துக்குள் கையை விரித்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் கூப்பாடு.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குப் பம்பரத்தைக் கூப்பிட்டார்கள். தலைவர் சாலை கான்ட்ராக்ட் எடுத்து ஓய்ந்தவர். கோயில் கோபுரத்துக் கடிகாரம் அவர் உபயம். அவர் வாட்சும் அந்தக் கடிகாரமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"யாரைக் கேட்டு இதைப் பண்ண? கிறிஸ்துவோட உடம்புல பொம்பளைப் படமா?"

பம்பரம் அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே சொன்னாள். "அந்த உடம்பு எங்கேருந்து வந்துச்சு தலைவரே? அப்பா பக்கத்துலேருந்து ஒரு சொட்டாவது உண்டா?"

அங்கி கழற்றிக்கொண்டிருந்த குருவுக்கு இருமல் வந்தது. சிரிப்பை மறைக்க வந்த இருமல்.

அவள் கேட்டது அவர்களுடைய கணக்குப்படியே சரியான கேள்வி. ஆண் துணை இல்லாமல் பிறந்தவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சதை முழுவதும் ஒரு பெண்ணுடைய சதை. இதை அந்தக் காலத்து இறையியலாளர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டு, அந்தச் சதையைத் தூக்கிக் காட்டப் பெண்ணுக்குத் தகுதியில்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதினார்கள். கடவுள் உண்டா இல்லையா என்பது தனி வழக்கு. உண்டு என்கிறவர்கள் தங்கள் கணக்கையாவது ஒழுங்காகப் போட வேண்டாமா?

"இனிமே அந்த இரும்புல சுடக் கூடாது" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

அவர் தீர்ப்பு அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கு ஓடி, மகளைக் கட்டிக்கொண்டு, "அம்மா வந்துட்டாடி, அப்பத்துல வந்து நிக்கிறா" என்று அழுதாள். மகள், "எங்க?" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. தெரு முழுக்கப் பரவ அது போதும். வாரா வாரம் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்ததை இப்போது ஆளாளுக்கு நினைவுபடுத்திக்கொண்டார்கள். முதலில் கை வந்ததாம், பிறகு கூந்தல் வந்ததாம். ஒருத்தர் கண் சிமிட்டியதைக்கூடப் பார்த்திருந்தார். பக்கத்து ஊர்ப் பங்குகளிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கோயில் வாசலில் தண்ணீர் பாட்டில் விற்கிறவர் இரண்டாவது பெட்டி வைத்தார்.

தலைவர் பம்பரத்தின் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"உக்காரும்மா" என்றார், அவள் வீட்டில் வைத்தே.

"நான் நிக்கிறேன். நீங்க சொல்லுங்க."

"ஆயர் இல்லத்துலேருந்து விசாரிக்க ஆள் வருது. நல்லபடியா முடிஞ்சா நம்ம பங்கு எங்கேயோ போயிடும். மாதா நம்ம கோயிலைத் தேடி வந்திருக்காங்க. இந்தப் பழைய இரும்புக் கடை சமாச்சாரம் வெளிய தெரிய வேண்டாம். நீ இருக்கிற வரைக்கும் அப்பம் சுடுற வேலை உனக்குத்தான். பேரவையில வாக்கு குடுக்குறேன்."

"அப்ப இதைச் செதுக்குனது யாருங்க?"

"யாரும் செதுக்கல. அதுவா வந்துச்சு. அதுக்குப் பேருதானே அற்புதம்?"

வாசல் வரைக்கும் போய், நம்பிக்கையோடு ஒரு புன்னகை புன்னகைத்துவிட்டுப் போனார். கிறிஸ்துவின் உடம்பில் பெண்ணா என்று போன வாரம் கொதித்தவர் அவர்தான். மனிதக் கை செதுக்கிய பெண் என்றால் அவருக்கு அசிங்கம், மேலேயிருந்து இறங்கிய பெண் என்றால் ஆதாயம்.

மறுநாள் குரு வந்தார். இவர் நிறையப் படித்தவர். அடுப்படியில் நின்றுகொண்டே தகட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது மாதா இல்லைன்னு நெனைக்கிறேன்" என்றார். "குழந்தை இல்ல, கிரீடம் இல்ல. நெஞ்சுல புறா இருக்கு, அது தூய ஆவியோட அடையாளம். கிழக்கே சிரியத் திருச்சபையில ரொம்பப் பழைய காலத்துல தூய ஆவியைத் தாய்னுதான் செபிச்சாங்க. அப்புறம் மெல்ல மெல்ல மாத்திட்டாங்க. கடவுளோட ஞானத்தை ஒரு பெண்ணா நெனச்ச மரபும் இருக்கு. இடைக்காலத்துல மடத்து ஆம்பளைத் துறவிங்களே இயேசுவைத் தாயேன்னு கூப்பிட்டிருக்காங்க. இதைச் செதுக்குனவங்க எதை நெனச்சாங்களோ, நமக்குத் தெரியாது."

பம்பரத்தின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. "ஃபாதர், இதெல்லாம் உங்களுக்கு எப்பவே தெரியுமா?"

"குருவுக்குப் படிக்கிறப்ப செமினரியில படிச்சது."

"பிரசங்கத்துல ஒருநாளும் சொல்லலையே."

"கேள்வி வரும்மா."

"வரட்டுமே."

"கேள்வி வந்தா அப்புறம் எனக்கு மாற்றல் வரும்."

நேர்மையான பதில்தான். ஆனால் அவள் ஏழு வயதில் முழங்காலில் நின்றது இதே கேள்விக்காக. விடை தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்ட பிள்ளைகளை வாசலில் முட்டி போடவைத்திருக்கிறார்கள்.

"நான் அன்னைக்குக் கேட்டது தப்பில்லையா ஃபாதர்?" என்று கேட்டாள். அவர் எந்த நாள் என்று தெரியாமல் விழித்தார். அவளுக்கு விளக்கப் பொறுமையில்லை.

அவர் போனபிறகு வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தாள். "அற்புதம்னு சொல்லிட்டா என்னாகும் தெரியுமா? அவ ஒருநாள் வந்தாளாம், கும்பிடச் சொன்னாளாம், போயிட்டாளாம்னு ஆயிடும். நாளைக்கு அவ பேர்ல இவங்களே பேசுவாங்க. பொறுத்துப் போங்கன்னு மாதா சொன்னாங்கம்பாங்க. தையல்காரம்மா மகளைத் திருப்பி அனுப்பவும் மாதா பேரைச் சொல்வாங்க. ஆனா இது செதுக்குனதுன்னா? எங்கேயோ ஒரு மடத்துல இந்த அப்பத்தைத் தூக்கிக் காட்டியிருக்காங்க. வாரா வாரம் பொம்பளைங்க சாப்பிட்டிருக்காங்க. யார் தலையிலும் இடி விழல."

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும்" என்றார் அவர். தடுப்பதற்காகச் சொல்லவில்லை. அளவு பார்த்துச் சொல்கிற பழக்கம்.

"எனக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அவள் முதல்முறையாக அழுதாள். அழுதது நடந்துகொண்டேதான்.

ஞாயிறு வந்தது. கோயில் நிரம்பி வாசலிலும் ஜனம் நின்றது. பூசையின் கடைசியில் தலைவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, அற்புத அப்பத்தைத் தரிசிக்க வரிசையில் வாருங்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். பம்பரம் தூணுக்குப் பின்னாலிருந்து கிளம்பினாள். தோளில் ஒரு சாக்கு. கனத்தால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். பீடத்துப் படியில் சாக்கை இறக்கியபோது இரும்பு கல்லில் மோதி 'ணங்' என்றது. தலைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டாள்.

"இதுதான் அந்த இரும்பு" என்றாள் ஒலிபெருக்கியில். கால் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் பழைய கடையில எடுத்தது. முகமெல்லாம் கரி. நான் தேய்க்கத் தேய்க்கத் தெளிஞ்சுது. அதான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுது. அற்புதம் ஒண்ணும் இல்ல. ஆனா பொய்யும் இல்ல. யாரோ உளி புடிச்சு, கூந்தலைக்கூட ஒவ்வொரு இழையா செதுக்கியிருக்காங்க. நம்மளை மாதிரி கும்பிடுறவங்க செஞ்சது. ஒரு காலத்துல இவங்க அப்பத்துல இருந்தது யாருக்கும் தப்பாத் தெரியல. எனக்கு அதுதான் பெருசு."

"மைக்கை அணைங்கப்பா!" என்றார் தலைவர்.

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு முணுமுணுப்பு. அப்புறம் அது கத்தலாகிவிட்டது. ஏமாத்திட்டாங்க என்று வேனில் வந்தவர்கள் கத்தினார்கள். யாரை யார் ஏமாற்றினார்கள் என்று கேட்க அங்கே நிதானமாக ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் மேலே ஒரு குரல் வந்தது. தையல்காரம்மா.

"உனக்கு என்னடி போச்சு? என் மக இத்தனை மாசம் கழிச்சு ஒரு வார்த்தை பேசினா. நீ திரும்ப அவ வாயை அடைச்சிட்ட!"

பம்பரம் சாக்கை இழுத்துக்கொண்டு பக்கவாசல் வழியே வெளியேறினாள். அன்று அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. செருப்பு வார் அறும்வரை ஊரைச் சுற்றினாள்.

பேரவையின் முடிவைத் தலைவரே பட்டறைக்குக் கொண்டுவந்தார். தகட்டில் உள்ள படத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே இடத்தில் சிலுவை வெட்ட வேண்டும். செய்தால் வேலை தொடரும். இல்லையென்றால் கோயில் வேறு ஏற்பாடு பார்க்கும்.

பட்டறைக்காரர் தகட்டை வைஸில் இறுக்கிப் பூட்டினார். இரும்பு தேய்க்கிற கிரைண்டரின் வயரைச் செருகினார். கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"தேய்க்கிறது சின்ன வேலை. தேய்ச்சா திரும்ப வராது. நீ சொல்லு."

அவள் லேத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். தலைவர் வாட்சைப் பார்த்தார். அவள் வைஸ் பக்கம் வந்து தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கூந்தல் இழைகள் தோலில் உறுத்தின. ஒரு கணம், தேய்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சிலுவையும் அவளுக்குப் பகை இல்லை. இத்தனை வருடம் சுட்டது சிலுவையைத்தான். ஆனால் ஒரு பெண்ணைச் சுரண்டி எடுத்த இடத்தில் அதைச் செதுக்கினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் இவளுக்கு அந்தச் சுரண்டல் சத்தம்தானே கேட்கும்?

"வேண்டாங்க. கழட்டிடுங்க."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா" என்றார் தலைவர்.

"நடந்துக்கிட்டேதான் யோசிச்சேன் தலைவரே. நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க."

பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சரி, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லி வயரைப் பிடுங்கினார்.

கோயில் இப்போது அப்பத்தைப் பாக்கெட்டில் வாங்குகிறது. ஒரே அளவு, ஒரே சிலுவை, ஒன்றுகூட உடைந்திருக்காது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு அதைச் சுடுகிறவர்களும் பெண்கள்தான். பாக்கெட்டின் மேல் அதை அச்சடிக்கவில்லை. குருவுக்கு, எந்தக் கேள்வியையும் எழுப்பாமலேயே மாற்றல் வந்தது. வேன்கள் வருவது நின்றுவிட்டது, விசாரிக்க ஆயர் இல்லத்து ஆளும் வரவில்லை. தண்ணீர் பாட்டில்காரர் மட்டும் பம்பரத்தைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவள் ரொட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். ஓடுகிற பெல்ட்டில் வரும் ரொட்டிகளுக்கு உறை மாட்டுகிற வேலை. அதுவும் நின்று செய்வதுதான். ஆனால் ஓடுவது பெல்ட், அவள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அது அவளுக்குத் தண்டனையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மாட்டியிருந்த தகட்டைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அதில் சுடவில்லை. யாருக்குச் சுடுவது? தையல்காரம்மா வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் வேலைக்குப் போனாள். சொன்னது சரியா என்ற சந்தேகம் அவளுக்கு ஒருநாளும் வரவில்லை. அதற்கான விலையை அந்தப் பெண் கொடுத்துவிட்டாளோ என்ற நினைப்புதான் அவளைத் துரத்தியது.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் நிழல் தட்டியது. தையல்காரம்மா. பின்னால் மகள், முறிந்து கூடிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு.

"உள்ள வரலாமா?" என்றாள் தையல்காரம்மா. குரலில் சமாதானமும் இல்லை, சண்டையும் இல்லை. "நான் வரமாட்டேன்னுதான் இருந்தேன். இவதான்."

மகள் அடுப்படிக்குள் போனாள். தகட்டின் முன்னால் நின்றாள். பம்பரம் நகத்தைக் கடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"இவங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இவங்கதான்மா. வெறும் இரும்பு. நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"தெரியும். வாசல்ல நின்னு கேட்டேன்." வார்த்தைகள் துருப்பிடித்த கீல் போல மெதுவாகத் திறந்தன. "தானா வந்தவங்கன்னா தானா போயிடுவாங்க. யாரோ வேணும்னு செஞ்சிருக்காங்கன்னு சொன்னீங்க. அதான் பாக்கணும்னு தோணுச்சு."

தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கையை ஏன் இப்படி விரிச்சிருக்காங்க?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலம்மா. ஃபாதருக்கும் தெரியல. கூப்பிடுறாப்லயும் இருக்கு, போதும் நிறுத்துன்னு சொல்றாப்லயும் இருக்கு."

மகள் முறிந்த கையை மெல்ல நீட்டி, தகட்டில் இருந்தவளின் விரல்களைத் தொட்டாள். "எனக்கு ஒண்ணு சுட்டுத் தருவீங்களா? சாமிக்கு இல்ல. எனக்கு."

"இது மந்திரிக்காதது" என்று பம்பரம் எச்சரித்தாள். "வெறும் மாவு, தண்ணி."

"பரவாயில்ல."

"நின்னுக்கிட்டே இருக்கியே, மாவு நான் கரைக்கிறேன், நீ கொஞ்சம் உக்காரேன்" என்றாள் தையல்காரம்மா.

"நீ உக்காரு. எனக்கு இரும்பு காயணும்."

தகட்டை இறக்கிக் கீலில் மாட்டி அடுப்பில் வைத்தாள். மெழுகு உருகி வாசனை வந்தது. ஒரு கரண்டி மாவை ஊற்றி மூடி அழுத்தினாள். ஓரமெல்லாம் ஆவி சீறியது. அது அடங்கும்வரை அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். திறந்தபோது, கையை விரித்தபடி அப்பத்தில் அவள் தெளிவாக நின்றாள். பம்பரம் வட்டமாக வெட்டவில்லை. அப்பத்தை முழுசாக அப்படியே எடுத்து, சூட்டோடு சூடாக, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.